ஒரே பயிற்சியாளர், இரு நடுக்கள வீரர்கள்: ஸ்வீடனின் மால்மோவும் இடுக்கியின் பிரதீப்பும்

கல்பாத்தி (கேரளா): டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் 2007-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி நடைபெற்ற நேரு கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்திய கால்பந்து அணி, சிரியாவை 1-0 என்ற கோல் கணக்கில் வீழ்த்தியது. முதல் பாதி முடிவடையும் தறுவாயில், 44-ஆவது நிமிடத்தில் அந்த ஒரே கோலை அடித்தவர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த நடுக்கள வீரர் என்.பி. பிரதீப். பாய்சுங் பூட்டியா, சுனில் சேத்ரி என்ற இரு பெரும் கோல் வேட்டைக்காரர்கள் களத்தில் இருந்த அணிக்கு, வெற்றிக் கோலை நடுக்களத்திலிருந்து வந்த ஒருவர் பெற்றுத் தந்தார்.

நேரு கோப்பை 1982-இல் தொடங்கப்பட்ட போட்டி. அதன் முதல் கால் நூற்றாண்டில் போட்டியை நடத்திய இந்தியா ஒருமுறைகூட கோப்பையை வென்றதில்லை. 1997-இல் கொச்சியில் நடைபெற்ற தொடருக்குப் பிறகு பத்து ஆண்டுகள் போட்டியே நடைபெறவில்லை. மீண்டும் தொடங்கிய ஆண்டிலேயே இந்தியா வாகை சூடியது. அதன் பின்னர் 2009, 2012 ஆகிய ஆண்டுகளிலும் கோப்பையை இந்தியாவே தக்கவைத்துக் கொண்டது. இந்த வரிசையின் தொடக்கப் புள்ளி பிரதீப் அடித்த கோல்.

என்றபோதிலும், பிரதீப்பின் பெயர் இன்று கேரளத்துக்கு வெளியே பரவலாக நினைவுகூரப்படுவதில்லை. அவர் ஆடிய இடம் அதற்கு ஒரு காரணம். அவர் சார்ந்திருந்த அணிகளுக்கு நேர்ந்த கதி இன்னொரு காரணம். இரண்டையும் விளங்கிக்கொள்ள, அவரை வார்த்தெடுத்த பயிற்சியாளர் பாப் ஹாட்டனின் வழியே ஸ்வீடன் வரை ஒருமுறை சென்று திரும்ப வேண்டியுள்ளது.

மால்மோவில் தொடங்கிய பள்ளி

இங்கிலாந்தைச் சேர்ந்த பாப் ஹாட்டன், 1974-இல் ஸ்வீடனின் தென்கோடித் துறைமுக நகரான மால்மோவின் மால்மோ எஃப்.எஃப். அணிக்குப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 26. அணியின் மூத்த வீரர்கள் சிலர் அவரைவிட வயதில் பெரியவர்கள். வந்த ஆண்டே அணி ஸ்வீடன் லீக் பட்டத்தை வென்றது. 1975, 1977 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அதன் கைக்கே வந்தது. ஹாட்டனின் நண்பரான ராய் ஹாட்ஜ்சன் 1976-இல் ஹால்ம்ஸ்டாட் என்ற சிறிய நகரின் அணிக்குப் பொறுப்பேற்று, அதே ஆண்டில் அதையும் சாம்பியன் ஆக்கினார்.

இவ்விருவரும் கொண்டுவந்த முறை அன்றைய ஸ்வீடனுக்குப் புதிது. அதுவரை அங்கு ஒரு தடுப்பாட்டக்காரர், எதிரணியின் ஒரு வீரரை ஆட்டம் முழுவதும் நிழல்போலத் தொடர்வதே வழக்கம். ஹாட்டன் அதைக் கைவிட்டார். ஆளைக் காப்பதற்குப் பதிலாக இடத்தைக் காக்க வேண்டும் என்றார். நான்கு பேர் பின்வரிசை, நான்கு பேர் நடுவரிசை, இருவர் முன்வரிசை என்ற 4-4-2 அமைப்பில், மூன்று வரிசைகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, ஒரே கயிற்றில் கட்டியதுபோல முன்னும் பின்னும் நகர வேண்டும்.

ஸ்வீடன் நாளிதழ்களில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆட்டத்தின் அழகையும் தனித்திறனையும் இது கொன்றுவிடும் என்று விமர்சகர்கள் எழுதினர். களத்தில் கிடைத்த முடிவுகள் வேறாக இருந்தன. இதே அடித்தளத்தின் மீது நின்றுதான் ஸ்வென் யோரன் எரிக்சனின் கோதென்பர்க் அணி 1982-இல் யூஇஎஃப்ஏ கோப்பையை வென்றது.

மால்மோவின் உச்சம் 1979. அந்த ஆண்டு மே 30-ஆம் தேதி மியூனிக் நகரில் நடைபெற்ற ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மால்மோ, இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணியை எதிர்கொண்டது. முற்றிலும் ஸ்வீடன் வீரர்களையே கொண்ட அணி அது. பலர் முழுநேரத் தொழில்முறை வீரர்கள்கூட அல்லர். முதல் பாதி முடியும் தறுவாயில் டிரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டிய பந்து வலைக்குள் சென்றது. ஃபாரஸ்ட் 1-0 என்ற கணக்கில் வென்றது.

கால்பந்தில் இத்தகைய தற்செயல்கள் அரிதல்ல என்றாலும் இதைச் சொல்லாமல் விட இயலாது. 1979-இல் முதல் பாதியின் கடைசிக் கணத்தில் விழுந்த ஒற்றைக் கோலால் இறுதி ஆட்டத்தை இழந்த அதே ஹாட்டன்தான், 28 ஆண்டுகள் கழித்து டெல்லியில், முதல் பாதியின் கடைசிக் கணத்தில் விழுந்த ஒற்றைக் கோலால் ஓர் இறுதி ஆட்டத்தை வென்றார்.

பிரிட்ஸ் பெற்ற வாய்ப்பு

மியூனிக்கில் மால்மோவின் நடுக்களத்தில் ஆடியவர்களில் இளையவர் ராபர்ட் பிரிட்ஸ். மால்மோவிலேயே பிறந்த அவருக்கு அப்போது வயது 19. உயரம் குறைந்தவர், ஆனால் நெருக்கடியான இடத்தில் பந்தை வாங்கி, திரும்பி, அடுத்தவரிடம் சேர்க்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. ஹாட்டனின் நடுவரிசையில் அவர் கற்ற பாடமே அவருடைய பிற்கால வாழ்க்கையின் முதலீடு ஆயிற்று.

1982-இல் அவர் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணிக்குச் சென்றார். அடுத்து ஸ்விட்சர்லாந்தின் யங் பாய்ஸ் அணியில் இடம்பெற்று, 1986-இல் அந்நாட்டு லீக் பட்டம் வென்றார். அதே ஆண்டு ஸ்வீடனின் சிறந்த கால்பந்து வீரருக்கான தங்கப் பந்து விருது அவருக்குக் கிடைத்தது. பின்னர் ஜெர்மனியின் உர்டிங்கன், இத்தாலியின் அட்டலாண்டா, வெரோனா என அவருடைய பயணம் நீண்டது. ஸ்வீடன் தேசிய அணிக்காக 50-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடினார்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பிரிட்ஸ் ஐந்து நாடுகளில் ஆடினாலும், அவர் புறப்பட்ட வீடு அப்படியே இருந்தது. 1910-இல் தொடங்கப்பட்ட மால்மோ எஃப்.எஃப். இன்றும் உறுப்பினர்களுக்குச் சொந்தமான சங்கம். ஸ்வீடன் அணிகளில் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழு ஒரு மாலைப்பொழுதில் கூடி, அணியை மூடிவிடலாம் என்று முடிவெடுக்க அங்கு வழியில்லை.

இடுக்கியும் பாலக்காடும்

பிரதீப் 1983-இல் பிறந்தவர். அவர் வந்த இடுக்கி, 1972-இல் உருவாக்கப்பட்ட மலை மாவட்டம். தேனி மாவட்டத்தை ஒட்டிய அதன் கிழக்குச் சரிவுகளில் தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்களை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கால்பந்து மைதானத்துக்கு ஏறத்தாழ 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட சமதளம் தேவை. இடுக்கியில் மிக அரிதான பொருள் அதுதான். என்றாலும் அங்கு கால்பந்து இல்லாமல் இல்லை. மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அணிகளுக்கிடையே நடைபெறும் ஃபின்லே கேடயப் போட்டி 1940-களிலிருந்து தொடர்ந்து வருவது. அதில் ஆடிய தலைமுறைகளில் பெரும்பாலோர் தமிழர்.

வடக்கே, கோவையை ஒட்டிய பாலக்காட்டின் நிலை வேறு. கணவாய் நகரமான அது சமதளம். கல்பாத்தி ஆற்றங்கரையில் விசுவநாத சுவாமி கோயிலும் நவம்பர் மாதத் தேரோட்டமும் புகழ்பெற்றவை. தமிழ் அக்கிரகாரங்கள் சூழ்ந்த ஊர் என்றே வெளியுலகம் கல்பாத்தியை அறியும். அதே நகரின் மற்றோர் அக்கிரகாரமான நூரணிக்கு சாஸ்தா உற்சவத்துடன் கால்பந்து மைதானமும் ஓர் அடையாளம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியின் கோல் கீப்பர்களில் ஒருவரான எஸ்.எஸ். நாராயண் பாலக்காடு மாவட்டத்தின் ஒற்றப்பாலத்தில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்ற அவர், மும்பையில் வளர்ந்து அங்கேயே பெயர் பெற்றார். மண் கேரளத்தில், வாழ்வு மும்பையில் என்ற அந்தப் பாதையையே அரை நூற்றாண்டு கழித்து பிரதீப்பும் பின்பற்ற நேர்ந்தது.

பாலக்காட்டிலிருந்து மலப்புறம் வரையிலான பகுதியில் செல்வாக்கு மிக்கது ‘செவன்ஸ்’ எனப்படும் எழுவர் கால்பந்து. அறுவடை முடிந்த வயல்களிலும் சிறு மைதானங்களிலும், மழைக்காலம் தொடங்கும் வரை, மின்னொளியில் தற்காலிக இருக்கை அடுக்குகள் நிரம்பி வழிய நடைபெறும் ஆட்டம் இது. கேரளத்தின் கால்பந்து வெறியை உயிருடன் வைத்திருப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் நடுக்கள வீரரை உருவாக்குவதில் செவன்ஸ் பெரிதும் உதவுவதில்லை. களம் சிறியது, பந்து ஓர் உதையில் ஒரு கோல் முனையிலிருந்து மறு முனைக்குச் சென்றுவிடும். வேகமும் உடல் வலுவும் திடீர்த் தந்திரமும் அங்கு வெல்லும். பதினொருவர் ஆட்டத்தில் நடுக்களம் என்று அழைக்கப்படும் பரப்பு எழுவர் ஆட்டத்தில் கிட்டத்தட்ட இல்லை. கேரளம் ஐ.எம். விஜயன் போன்ற முன்கள வீரர்களையும் வி.பி. சத்யன் போன்ற தடுப்பாட்டக்காரர்களையும் தந்த அளவுக்கு, ஆட்டத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மைய நடுக்கள வீரர்களைத் தராததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். திருச்சூரின் ஜோ பால் அஞ்சேரி விதிவிலக்கு. அவர் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடியவர்.

வங்கி அணியும் மும்பை அணியும்

கேரளத்தில் ஒரு கால்பந்து வீரருக்கு நெடுங்காலமாக இருந்த வழி, அரசுத்துறை அல்லது பொதுத்துறை நிறுவன அணி. காவல்துறை, மின்வாரியம், டைட்டானியம் தொழிற்சாலை, வங்கி என ஏதேனும் ஓர் அணியில் சேர்ந்தால் ஆட்டமும் கிடைக்கும். மாதச் சம்பளமும் கிடைக்கும். கேரள காவல்துறை அணி 1990, 1991 என அடுத்தடுத்து இரு ஆண்டுகள் கூட்டமைப்புக் கோப்பையை வென்றது இந்த முறையின் பொற்காலம்.

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் அணி, சுருக்கமாக எஸ்.பி.டி., இவ்வகையில் கேரளத்தின் வலுவான அணிகளுள் ஒன்று. பிரதீப் அதில் ஆடியவர். பின்னர் அவர் மும்பையின் மஹிந்திரா யுனைடெட் அணிக்குச் சென்றார். அந்த அணி 2005-06 பருவத்தில் தேசிய கால்பந்து லீக் பட்டத்தை வென்றது. கொல்கத்தா, கோவா அணிகளின் ஆதிக்கத்தை மும்பை அணி ஒன்று உடைத்தது அன்று பெரும் செய்தி.

ஹாட்டன் 2006-இல் இந்திய அணியின் பொறுப்பை ஏற்றார். அதற்குள் அவர் சீனா, உஸ்பெகிஸ்தான் தேசிய அணிகளுக்கும் பயிற்சியளித்து முடித்திருந்தார். ஆனால் கையில் எடுத்துவந்த பாடம் மால்மோவில் எழுதியதே: நெருக்கமான மூன்று வரிசைகள், இடத்தைக் காக்கும் ஒழுங்கு, 4-4-2.

கணக்கில் வராத உழைப்பு

இந்த அமைப்பில் நடுவரிசையின் மையத்தில் நிற்கும் இருவரின் பணி கடினமானது. எதிரணி பந்துடன் வரும்போது ஒருவர் முன்னேறி அழுத்தம் தர வேண்டும். மற்றவர் அதே கணத்தில் சற்றுப் பின்வாங்கி, முன்னேறியவர் விட்டுச்சென்ற இடைவெளியை மூட வேண்டும். அடுத்த நொடியே பந்து மறுபக்கம் சென்றால் இருவரின் பணியும் மாறிவிடும். ஒருவர் இரண்டு அடி தாமதித்தாலும் பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையே ஒரு வாசல் திறக்கும். அந்த வாசல் வழியாகத்தான் பெரும்பாலான கோல்கள் விழுகின்றன.

ஒரு நடுக்கள வீரர் சரியான இடத்தில் நின்றதால் எதிரணி அனுப்பாமல் விட்ட பந்து எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாகாது. கோல் அடித்தவர் பெயர் எழுதப்படும். அடிக்க உதவியவர் பெயரும் இப்போது எழுதப்படுகிறது. அடிக்கவிடாமல் நின்றவரின் பெயர் எழுதப்படுவதில்லை. பயிற்சியாளருக்கு மட்டும் அது தெரியும். ஹாட்டன் காலத்து இந்திய நடுக்களத்தில் கோவாவின் கிளைமேக்ஸ் லாரன்ஸ், மணிப்பூரின் ரெனெடி சிங், மும்பையின் ஸ்டீவன் டயஸ் ஆகியோருடன் பிரதீப்பும் இத்தகைய உழைப்பாளிகளுள் ஒருவர்.

2007 நேரு கோப்பைக்கு முன்பு இந்திய அணி போர்ச்சுகலில் பயிற்சி முகாம் நடத்தியது. தொடரின் தொடக்கம் பிரமாதம்: கம்போடியாவுக்கு எதிராக 6-0, வங்கதேசத்துக்கு எதிராக 1-0. அடுத்து சிரியாவிடம் 2-3 எனத் தோல்வி. கிர்கிஸ்தானை 3-0 என வென்று இறுதிக்கு வந்தபோது மீண்டும் எதிரே சிரியா. மூன்று கோல் வாங்கிய அணியிடம், ஆறு நாள் இடைவெளியில் ஒரு கோல்கூட வாங்காமல் ஆடுவதே ஹாட்டன் தந்த பணி. பிரதீப்பின் கோல் அனைவருக்கும் நினைவிருக்கலாம். ஆனால் அந்த ஆட்டத்தின் எஞ்சிய ஒரு பாதி முழுவதும் சிரியாவின் தாக்குதலைத் தாங்கி நின்ற இரு வரிசைகளே ஸ்வீடன் பள்ளியின் உண்மையான தேர்வுத்தாள்.

அந்த வெற்றி அணிக்குத் தந்த நம்பிக்கையின் பலன் அடுத்த ஆண்டே தெரிந்தது. 2008 ஆகஸ்டில் ஆசிய சேலஞ்ச் கோப்பைத் தொடரில், ஆப்கானிஸ்தானுக்கு எதிராக லாரன்ஸ் கூடுதல் நேரத்தில் அடித்த கோலால் தப்பிய இந்தியா, இறுதி ஆட்டத்தில் சேத்ரியின் மூன்று கோல்களுடன் தஜிகிஸ்தானை 4-1 என வீழ்த்தியது. இதன்மூலம் 1984-க்குப் பிறகு முதன்முறையாக ஆசியக் கோப்பையில் ஆடும் தகுதி கிடைத்தது.

2011 ஜனவரியில் தோஹாவில் நடைபெற்ற அந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் பிரதீப் இடம்பெற்றார். முடிவுகள் கசப்பானவை. ஆஸ்திரேலியாவிடம் 0-4, பஹ்ரைனிடம் 2-5, தென்கொரியாவிடம் 1-4. மூன்று ஆட்டங்களில் 13 கோல்களை வாங்கி, 3 கோல்களை மட்டுமே இந்தியா அடித்தது. நெருக்கமான வரிசைகள் ஆசியாவின் இரண்டாம் நிலை அணிகளைத் தடுத்து நிறுத்தும்; முதல் நிலை அணிகளுக்கு எதிராக அது மட்டும் போதாது என்பது அங்கே தெளிவாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் ஹாட்டன் பதவி விலகினார்.

மறைந்துபோன அணிகள்

இதற்கு முன்பே பிரதீப்பின் காலடியில் நிலம் நகரத் தொடங்கிவிட்டது. 1962-இல் தொடங்கப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆடிய மஹிந்திரா யுனைடெட், 2009-10 ஐ-லீக் பருவத்துடன் கலைக்கப்பட்டது. பள்ளி அளவிலான கால்பந்தில் கவனம் செலுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அணி கடனில் மூழ்கியிருக்கவில்லை. தரவரிசையில் கீழே விழுந்திருக்கவும் இல்லை. உரிமையாளரின் முன்னுரிமை மாறியது, அவ்வளவே.

எஸ்.பி.டி. கதை இன்னும் வேறு விதமானது. 2017 ஏப்ரல் 1-ஆம் தேதி அந்த வங்கியே பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டது. கேரளத்தின் பல தலைமுறைக் கால்பந்து வீரர்கள் நெஞ்சில் அணிந்த மூன்று எழுத்துகள் அத்துடன் வழக்கொழிந்தன. மால்மோ நகருக்குச் செல்லும் ஒருவர் பிரிட்ஸ் ஆடிய அணியின் ஆட்டத்தை இன்றும் சீட்டு வாங்கிப் பார்க்கலாம். பிரதீப் ஆடிய அணிகளைத் தேடுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இது அந்நியமான அனுபவமன்று. பாலக்காட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள கோவை நேரு விளையாட்டரங்கில், 2019 மார்ச் 9-ஆம் தேதி சென்னை சிட்டி எஃப்.சி. அணி மினர்வா பஞ்சாப்பை 3-1 என வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. பாலக்காட்டு ரசிகர்களுக்கு மிக அருகிலிருந்த தேசிய லீக் மைதானம் அப்போது அதுவே. அடுத்த இரண்டு பருவங்களுக்குள் அந்த அணி தேசிய லீக்கிலிருந்தே காணாமல்போனது.

மீண்டும் ஒரு ஸ்வீடன்காரர்

மஹிந்திரா யுனைடெட் கலைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, அதே மும்பைக்கு ஸ்வீடன் மீண்டும் வந்தது. இம்முறை பயிற்சியாளர் வடிவில் அல்ல, நட்சத்திர வடிவில். 2014-இல் தொடங்கப்பட்ட இந்தியன் சூப்பர் லீக்கில் மும்பை சிட்டி எஃப்.சி. தனது விளம்பர முகமாக ஒப்பந்தம் செய்தது ஃபிரெடி லியுங்பெர்க் என்ற ஸ்வீடன் நடுக்கள வீரரை.

லியுங்பெர்க்கின் தகுதியில் ஐயமில்லை. ஹாட்ஜ்சன் ஒருகாலத்தில் சாம்பியன் ஆக்கிய அதே ஹால்ம்ஸ்டாட் அணியில் வளர்ந்தவர். 1998-இல் ஆர்சனல் சென்று, 2001-02-இல் பிரிமியர் லீக்கின் சிறந்த வீரராகத் தேர்வானார். 2003-04-இல் ஒரு தோல்விகூட இல்லாமல் லீக்கை வென்ற ஆர்சனல் அணியில் இருந்தார். ஸ்வீடனுக்காக 75 ஆட்டங்கள் ஆடினார். ஆனால் மும்பைக்கு வந்தபோது அவருக்கு வயது 37. ஏற்கெனவே ஓய்வு அறிவித்திருந்தவர். காயம் காரணமாக ஒரு சில ஆட்டங்களில் மட்டுமே அவரால் களமிறங்க முடிந்தது.

ஒருவர் ஐந்தாண்டுகள் தங்கி ஓர் ஆட்ட முறையைக் கற்றுத் தந்தார். மற்றவர் ஒரு பருவம் வந்து சுவரொட்டிகளில் சிரித்தார். லியுங்பெர்க்கைக் குறைகூற இதில் எதுவும் இல்லை. அவரிடம் கேட்கப்பட்டது அதுதான். கேட்டவர்கள் நடுக்களத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதையே இது காட்டுகிறது.

புதிய லீக்கால் நன்மையே விளையவில்லை என்று கூறிவிட முடியாது. கண்ணூர்க் குடும்பத்தைச் சேர்ந்த சஹல் அப்துல் சமத், கேரளா பிளாஸ்டர்ஸ் அணியில் வளர்ந்து 2019-இல் இந்திய அணிக்கு வந்தார். 2022 ஜூனில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் வெற்றிக் கோல் அடித்தார். வங்கி வேலையை நம்பாமல் கால்பந்தை மட்டுமே தொழிலாகக் கொண்ட கேரள நடுக்கள வீரர் ஒருவர் உருவாக முடியும் என்பதற்கு அவர் சான்று. அதே லீக் 2025 ஜூலையில், ஒளிபரப்பு மற்றும் வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டபோது, மஹிந்திரா வீரர்கள் 2010-இல் எதிர்கொண்ட கேள்வியை நாட்டின் அத்தனை தொழில்முறை வீரர்களும் ஒரே நாளில் எதிர்கொள்ள நேர்ந்தது.

நூரணி மைதானத்தில் நடந்தது

அணிகள் நிலைக்காத இடத்தில் வீரர்கள் எங்கே செல்கிறார்கள் என்பதற்குப் பாலக்காட்டிலேயே ஒரு துயர உதாரணம் உண்டு. அம்மாவட்டத்தைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் ஆர். தன்ராஜன், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் உள்ளிட்ட பெரிய அணிகளில் ஆடியவர். தொழில்முறை வாய்ப்புகள் குறைந்த பின் செவன்ஸ் களங்களில் தொடர்ந்து ஆடிவந்தார். 2019 டிசம்பர் 29-ஆம் தேதி பெரிந்தல்மண்ணாவில் செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே நெஞ்சுவலியால் சரிந்து உயிரிழந்தார். அவருக்கு வயது 39.

அவருடைய குடும்பத்துக்கு நிதி திரட்ட, 2020 ஜனவரி 19-ஆம் தேதி பாலக்காடு நூரணி மைதானத்தில் காட்சி ஆட்டம் ஏற்பாடு செய்யப்பட்டது. பூட்டியா, ஐ.எம். விஜயன் ஆகியோர் பங்கேற்பதாக இருந்ததால் கூட்டம் அலைமோதியது. ஆட்டம் தொடங்கும் முன்பே தற்காலிக இருக்கை அடுக்கு சரிந்து விழுந்தது, பலர் காயமடைந்தனர். இந்தியாவின் பழம்பெரும் அணிகளில் ஆடிய ஒருவரின் குடும்பத்துக்கு ஓய்வூதியமோ காப்பீடோ போதுமான அளவில் இல்லாததால், ரசிகர்கள் சீட்டு வாங்கிக் கைகொடுக்க வேண்டியிருந்தது. அந்த வகையில் பார்த்தால், எஸ்.பி.டி. போன்ற அணிகள் தந்த மாதச் சம்பளம் கால்பந்தின் தரத்தை உயர்த்தவில்லை என்று விமர்சிப்பவர்கள், அது எதைத் தடுத்து நின்றது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதுவும் ஒரு நடுக்கள வீரரின் உழைப்பைப் போன்றதே. இருக்கும்வரை கண்ணில் படாது.

கேரளத்தில் 2024 செப்டம்பரில் ‘சூப்பர் லீக் கேரளா’ என்ற புதிய தொழில்முறைப் போட்டி தொடங்கப்பட்டது. கோழிக்கோடு, கொச்சி, கண்ணூர், மலப்புறம், திருச்சூர், திருவனந்தபுரம் என ஆறு அணிகள் அதில் களமிறங்கின. முதல் பட்டத்தைக் கோழிக்கோட்டின் காலிகட் எஃப்.சி. வென்றது. பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் அந்தப் பட்டியலில் அணி இல்லை.